1966 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிள்: டர்பனில் வைத்துப் புதுப்பிக்க ஏற்ற வண்டியா?

கூரையை மடிக்கக்கூடிய பழைய அமெரிக்கக் கன்வெர்டிபிள் ஒன்றை வாங்கிப் பொழுதுபோக்காகப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினைப் பற்றியே முதலில் விசாரிக்கிறார்கள். அதன் பிறகு நிறத்தைப் பற்றியும், கடைசியில் போனால் போகிறதென்று துருவைப் பற்றியும் கேட்கிறார்கள். 1966ஆம் ஆண்டு மஸ்டாங் கன்வெர்டிபிள் ஒன்றை முழுவதுமாகப் பிரித்துச் சேர்த்து, இப்போது டர்பன் சாலைகளில் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனது மதிப்பீட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான அமெரிக்கத் திறந்த வண்டி கிடையாது. ஆனால் அந்தப் பாராட்டு, தரைத் தகடும் அதைத் தாங்கும் சட்டங்களும் உறுதியாக உள்ள வண்டிக்கு மட்டுமே பொருந்தும். அவை அரித்துப்போன வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

நம் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலானவை கப்பலில் முழு வண்டியாக வந்தவை அல்ல. ஃபோர்டு நிறுவனம் 1924 முதலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1926 முதலும் போர்ட் எலிசபெத்தில், அதாவது இன்றைய கெபேகாவில், வண்டிகளைப் பூட்டி விற்றன. டர்பனின் கிரே ஸ்ட்ரீட்டிலும் கேட்டோ மேனரிலும் ஓடிய செவர்லேக்களும் ஃபோர்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்த நான்கு கதவு செடான்கள்தாம். கூரை மடியும் வண்டியைக் கல்யாண ஊர்வலத்திலோ பத்திரிகைப் படத்திலோதான் பார்த்திருப்போம். ஆகவே இன்று கன்வெர்டிபிள் வேண்டுமென்றால், எப்போதோ ஒருவர் தனியாக இறக்குமதி செய்த வண்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது நாமே அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டும்.

அப்படித் தேடும்போது மஸ்டாங்கின் எண்ணிக்கை நமக்குத் துணை நிற்கிறது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான இந்த வண்டி, 1966 மாடல் ஆண்டில் மட்டும் 6,07,568 விற்றது. அவற்றுள் 72,119 கன்வெர்டிபிள்கள். இத்தனை வண்டிகள் உலகெங்கும் இருப்பதால்தான் ஒரு கதவு ரப்பர் முதல் முழு மட்கார்டு வரை ஏறக்குறைய எல்லா உதிரிபாகங்களும் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. 2011இல் ஃபோர்டு நிறுவனத்தின் உரிமத்தோடு 1964 முதல் 1966 வரையிலான கன்வெர்டிபிளின் முழு இரும்புக் கூடே 15,000 டாலர் தொடக்க விலையில் சந்தைக்கு வந்தது. அறுபது ஆண்டு பழைய எத்தனை வண்டிகளுக்கு இந்த வசதி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பதுகளின் பெரிய ப்யூக், போன்டியாக் கன்வெர்டிபிள்கள் அழகில் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பின்விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்தால், அதைத் தேடியே ஓராண்டு போய்விடும்.

இனி இந்த மதிப்புரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மஸ்டாங்குக்குத் தனிச் சேஸி கிடையாது. ஃபோர்டு ஃபால்கனிலிருந்து எடுத்த அடித்தளத்தின் மேல், பாடியும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட அமைப்பு அது. கூரையுள்ள வண்டியில் கூரையும் பக்கத் தூண்களும் சேர்ந்து பாடி முறுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. கூரையை எடுத்துவிட்டால் நிலைமை தலைகீழ். தீப்பெட்டியின் மேலுறை கையில் நெளியாமல் நிற்பதும், உள்ளே இருக்கும் தட்டு லேசாக முறுக்கினாலே வளைவதும் எப்படியோ அப்படித்தான் இதுவும். அந்தக் குறையை ஈடுசெய்யக் கன்வெர்டிபிளுக்கென்றே ஃபோர்டு நிறுவனம் சில ஏற்பாடுகளைச் செய்தது. கதவுக்குக் கீழே ஓடும், இங்குள்ள பேனல் பீட்டர்கள் (வண்டியின் தகடுகளைத் தட்டிச் சரிசெய்பவர்கள்) சில் என்று சொல்லும் பெட்டிச் சட்டத்தின் உட்பகுதி தடித்த தகட்டால் ஆனது. முன்பக்கச் சட்டத்தையும் இந்தச் சில்லையும் இணைக்கும் டார்க் பாக்ஸ் என்ற பெட்டிகள் இரு பக்கமும் உண்டு. முன் இருக்கைகளுக்கு அடியில் தரையின் குறுக்கே கூடுதல் தகடும் இருக்கிறது. இவை வெளியே தெரியாதவை, தண்ணீர் தேங்குபவை, கடல்காற்றில் முதலில் அரிப்பவை. வண்டியின் விலையை நிர்ணயிக்க வேண்டியவை இவைதாமே தவிர, மேலே பூசிய சிவப்பு நிறம் அல்ல.

நான் வாங்குவதற்கு முன் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று உம்ஸ்லாங்காவில், கடலுக்கு நேர் எதிரே உள்ள ஒரு வீட்டுக் கராஜில் நின்றது: 289 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி-8 என்ஜின், கண்ணாடி போல் மின்னும் சிவப்பு, புதிய வெள்ளைக் கூரை. மற்றது கரூ பகுதியில் ஒரு பண்ணையில் நெடுங்காலம் ஓடாமல் கிடந்தது: ஆறு சிலிண்டர் என்ஜின், வெளுத்துப்போன நீலம், கூரைத் துணி கந்தல். முதல் வண்டியைப் பார்க்க என்னோடு வந்தவர், டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் நாற்பது ஆண்டுகளாகப் பேனல் பீட்டராக இருக்கும் மாமா ஒருவர். நான் பானெட்டைத் திறக்கப் போனபோது, “அது எங்கேயும் ஓடிப்போகாது தம்பி, முதலில் ஜாக்கியைப் போடு” என்றார். முன் சக்கரத்துக்குப் பின்னால் சட்டத்தில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்தோம். மூடப் பார்த்தால் பூட்டு கொக்கியின் மேல் இடித்தது. கதவின் பின் விளிம்பில் மேலே விரல் நுழையவில்லை. கீழே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அதாவது, தூக்கியதும் பாடி நடுவில் வளைந்துவிட்டது. சில்லின் அடியை மாமா திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனபோது, ‘டங்’ என்ற ஒலி ஓரிடத்தில் ‘தொப்’பென்று மாறியது. அங்கே இரும்பு இல்லை. பட்டி மட்டுமே இருந்தது.

கரூ வண்டியில் இதே சோதனையில் கதவு தடையில்லாமல் மூடியது. அதையே வாங்கினேன். வறண்ட காற்று நிறத்தையும் ரப்பரையும் இருக்கைத் துணியையும் தின்றிருந்தது; இரும்பைத் தொடவில்லை. நிறம், ரப்பர், துணி மூன்றையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்பதால், உள்நாட்டு வறண்ட பகுதியிலிருந்து வரும் அசிங்கமான வண்டியே கடற்கரையின் அழகான வண்டியைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து.

சோதனைகளில் இன்னொன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைச் செய்ய விடாமல் பேச்சை மாற்றுவார்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின் விளிம்பை ஒட்டி, காற்று உள்ளே போகத் துளைகள் கொண்ட தகடு இருக்கும். அதற்கு உள்ளே கௌல் என்ற மூடிய தொட்டி ஒன்று உள்ளது. மழைநீர் அதில் விழுந்து இரு பக்கமும் வடிந்து வெளியேற வேண்டும். இலைச் சருகு அடைத்துக்கொண்டால் ஈரம் தங்கி, உள்ளே காற்றுத் துளையைச் சுற்றி நிற்கும் கழுத்துத் தகடு அரித்துவிடும். ஒரு குவளைத் தண்ணீரை அந்தத் துளைகளின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். தரைவிரிப்பின் மேல் சொட்டினால், கௌலின் மேல்தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகள் என்ற புள்ளிப் பற்றவைப்புகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து உள்ளே சரிசெய்ய வேண்டும். முன் கண்ணாடியும் மட்கார்டுகளும் கழற்றப்பட வேண்டும். பொருள் செலவு சொற்பம், கூலி மலை. டிக்கியையும் மறந்துவிடாதீர்கள்: இந்த மாடலில் பெட்ரோல் டாங்கின் மேல்முகமே டிக்கியின் தரை என்பதால், அங்கே துரு என்றால் அது பார்வைக் குறையோடு நிற்காது.

வண்டி பிறவியிலேயே கன்வெர்டிபிள்தானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சாதாரணக் கூப்பின் கூரையை வெட்டி விற்ற கதைகள் உண்டு. பானெட்டைத் திறந்தால் இடப்பக்க உள் மட்கார்டுத் தகட்டில் எண் குத்தப்பட்டிருக்கும். முதல் இலக்கம் 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் 08 என்றால்தான் கன்வெர்டிபிள். 07 என்றால் கூரையுள்ள கூப், 09 என்றால் கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். ஐந்தாவதாக வரும் எழுத்து ‘டி’ (T) எனில் ஆறு சிலிண்டர். ‘சி’, ‘ஏ’, ‘கே’ எனில் 289 வி-8. ஓட்டுநர் கதவில் ஆணியடித்த தகடு எளிதில் மாற்றக்கூடியது. ஆகவே இந்த எண்ணோடு ஒத்துப்போகாதவரை அதை நம்ப வேண்டாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, ஏற்கெனவே இந்த நாட்டில் பதிவான வண்டியே நிம்மதி. வெளிநாட்டிலிருந்து பழைய வண்டி கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். அதைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னர் இறங்கிய பிறகு அல்ல. இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கான நிபந்தனைகளை உங்கள் ஊர் லைசென்ஸ் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே முன்பணம் கொடுங்கள். இங்கே வலப்பக்கத்துக்கு மாற்றிய மஸ்டாங்குகளும் கிடைக்கின்றன. அவற்றில் ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடத்தில் சட்டம் எப்படி வலுவூட்டப்பட்டிருக்கிறது என்பதை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் ஒரு ரேண்ட் கூடக் கொடுக்கக்கூடாது. எந்த வண்டியானாலும் பெயர் மாற்றத்துக்கு, சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்தி சான்று தேவை என்பதால், ஓடாத வண்டியை வாங்குகிறவர் அந்தச் சான்று கிடைக்கும்வரை விற்றவரின் கையெழுத்திட்ட தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பாடி வேலையை ஃபீனிக்ஸ் மாமாவே செய்தார். அவருடைய பட்டறை சிறியது, பெயர்ப்பலகை கூடக் கிடையாது, சொன்ன தேதிக்கு வேலை முடிந்ததில்லை. ஆனால் கன்வெர்டிபிளில் எதை எந்த வரிசையில் தொட வேண்டும் என்பது தெரிந்த கை. தரையில் ஒரு துண்டை வெட்டுவதற்கு முன், கதவு வாசலின் முன் தூணையும் பின் தூணையும் இரும்புக் குழாய்களால் குறுக்கே கட்டி, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் நிற்பதுபோலவே தாங்கி நிறுத்தினார். ஒரு பக்கச் சில் முழுவதும் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு துண்டு பற்றவைத்த பிறகும் கதவைத் தொங்கவிட்டு இடைவெளியைப் பார்த்தார். இதைச் செய்யாமல் இரண்டு சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டிய வண்டிகள் நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வோடே பற்றவைக்கப்பட்டு, பிறகு எந்தக் கதவும் சேராமல் போயிருக்கின்றன. முடிந்த பெட்டிகளுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சி அடிக்கச் சொன்னதும் அவர்தான். டர்பன் ஈரத்தில் நிறம் பூசுவதைவிட அது முக்கியம். கரூ வண்டியாக இருந்தும் முன் தரையில் இரு துண்டும் ஒரு டார்க் பாக்ஸின் அடித்தகடும் மாற்ற வேண்டியிருந்தது. பாடிக்கு ஆன செலவு, என்ஜினுக்கு ஆனதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

புதிதாகச் செய்யப்படும் பாகங்களின் தரம் ஒரே சீரானதல்ல. தரைத் தகடுகள் நன்றாகப் பொருந்தின. மட்கார்டுகள் விளக்கு வளையத்தருகே இடித்தன. கதவு ரப்பர்கள் தேவைக்கு மேல் தடித்திருந்து கதவை வெளியே தள்ளின. அதனால் எனது பரிந்துரை, பழைய மட்கார்டு நெளிந்திருந்தாலும் துருப்பிடிக்காமல் இருந்தால் அதையே தட்டிச் சரிசெய்து பயன்படுத்துவது; புதியதன் பளபளப்புக்கு மயங்க வேண்டாம்.

என் வண்டியின் ஆறு சிலிண்டர் என்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 200 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர், 120 குதிரைத்திறன், கிராங்குக்கு ஏழு பேரிங். அடித்தாலும் சாகாது என்று சொல்லத்தக்க என்ஜின். 2006 தொடக்கத்திலிருந்து இந்நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்கப்படுவதில்லை என்பதால், என்ஜினின் தலையைக் கழற்றும்போதே, ஈயத்தின் காப்பு இல்லாமல் தேயக்கூடிய எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளைக் கடினப்படுத்திய வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. வி-8தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆறு சிலிண்டர் வண்டியில் சக்கரத்துக்கு நான்கு நட்டுகள், வி-8க்கு ஐந்து. என்ஜினை மாற்றினால் அத்தோடு முடியாது. ஹப், பிரேக், ஆக்ஸில், ஸ்பிரிங் என்று பட்டியல் நீளும்.

கூரைதான் இந்த வண்டியின் உயிர், தலைவலியும் அதுவே. கையால் மடிக்கும் கூரை, மின்சாரப் பம்பினால் மடியும் கூரை என இருவகை உண்டு. என் வண்டியில் இருப்பது பம்பு வகை: பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு மோட்டார், அதிலிருந்து இரு பக்கமும் போகும் குழாய்கள், கூரைச் சட்டத்தைத் தூக்கும், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்கள். பழைய சிலிண்டர் கசிந்தால் எண்ணெய் பக்கப் பலகைகளுக்குள் இறங்கிப் பின் இருக்கையை நனைத்துவிடும். ஆகவே புதிய துணி போடுவதற்கு முன் சிலிண்டர்களையும் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும்.

துணி போடும் வேலையில் டர்பன் நகருக்குள் இருக்கும், வண்டிகளின் கூரைத் துணியும் இருக்கை உறையும் போடும் ஒரு டிரிம்மிங் கடையின் சேவை எனக்குத் திருப்தி தரவில்லை. கூரைச் சட்டத்தை முதலில் வெறுமையாக ஏற்றி, பக்கக் கண்ணாடிகள் அதன் ரப்பரில் சீராகப் பதிகின்றனவா என்று திருத்திய பிறகே துணியைத் தொட வேண்டும். அவர்கள் வளைந்திருந்த சட்டத்தின் மேலேயே புதிய வினைலை இழுத்து ஸ்டேப்பிள் அடித்துவிட்டார்கள். வலப்பக்கக் கண்ணாடிக்கு மேல் சுண்டுவிரல் அகல இடைவெளி, பின்புறம் மூலைவாட்டில் ஒரு சுருக்கம். “போகப் போகச் சரியாகிவிடும் அண்ணா” என்றார்கள். வினைல் வெயிலில் கொஞ்சம் இறுகும் என்பது உண்மை. வளைந்த இரும்பு எந்த வெயிலிலும் நிமிராது.

பிறகு பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் தனியாக வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு நாள் சட்டத்தின் கீல்களோடு மட்டுமே போராடினார். அதன் பின் கூரை மடிந்து இறங்கும் குழியின் உள்விரிப்பு, பக்கப் பட்டைகள், பின் ஜன்னல் திரை, கடைசியாக மேல்துணி என்று வரிசை தப்பாமல் ஏற்றினார். வினைலை வெயிலில் விரித்து மிருதுவான பிறகே இழுத்தார். சில வாரங்கள் கூரையை மடிக்காமல் அப்படியே விடும்படி எழுதியும் கொடுத்தார். பின் ஜன்னல் ஆலையில் வந்தபடி தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆனது, ஜிப்பைத் திறந்து இறக்கலாம். மடிப்போடு விட்டால் கோடு விழும், உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும். கண்ணாடியாலான ஜன்னல் இப்போது கிடைக்கிறது. அசல் தோற்றத்தில் பிடிவாதம் இல்லாதவர்கள் அதையே போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டத்தில் இது மென்மையான, அவசரமில்லாத வண்டி. ஸ்டியரிங்கை நிறையச் சுற்ற வேண்டும்; பள்ளத்தில் இறங்கினால், சில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், முன் கண்ணாடிச் சட்டம் லேசாக அதிர்வதைக் காணலாம். உண்மையான குறை பிரேக்கில்தான். நான்கு சக்கரத்துக்கும் டிரம், அதற்குப் பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்ப, ஒரே சுற்று கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போயிற்று. ஃபோர்டு நிறுவனமே 1967இல் இரட்டைச் சுற்றுக்கு மாறியது. க்லூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் வழியாக ஒருமுறை இறங்கினால், பிரேக் மிதி மிதிக்க மிதிக்க மெத்தையாவதை உணர்வீர்கள். இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன் டிஸ்க் பிரேக்கும் போட்ட பிறகே குடும்பத்தை ஏற்றினேன். அசல் தன்மை கெட்டுவிட்டது என்று சில ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

வண்டி தயாரானதும் சொந்தக்காரர்களின் கல்யாணத்துக்கும் பிள்ளைகள் பள்ளி முடிக்கும்போது நடக்கும் மெட்ரிக் டான்ஸுக்கும் கேட்டு ஆள் வரும். வாடகைக்கு விட்டுச் செலவை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு நான் ஆதரவு தரமாட்டேன்: மாலையிலிருந்து சொட்டும் தண்ணீரும், பின் இருக்கையின் மேல் ஏறி உட்காரும் மாப்பிள்ளைத் தோழர்களும், மடிந்த கூரையின் மேல் அழுந்தும் பட்டுப்புடவைக் கூட்டமும் ஒரு மாலைக்குள் அந்த வாடகையைத் தின்றுவிடும். இன்ஷூரன்ஸையும் சாதாரணச் சந்தை விலைக்கு எடுக்காமல், மதிப்பீட்டாளரின் சான்றோடு இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகைக்கு எடுக்க வேண்டும். இல்லையென்றால் விபத்துக்குப் பின் கைக்கு வருவது கூரைத் துணிக்குக் கூடக் காணாது.

கடற்கரைப் பகுதியில் வைத்திருப்பவர்கள் கூரையை மேலே ஏற்றி, நன்றாக உலர்ந்த நிலையில், காற்றுப் புகும் துணி உறையால் மூட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலம் தொடங்குமுன் கதவுகளின் அடியிலும் சில்லின் முனைகளிலும் கௌலின் இரு பக்கத்திலும் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, மெழுகுக் கலவையை ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால் போதும்.